இஞ்சிக்குக் கீழே ஒரு பெயர்

ஜனவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். இந்தக் குளிருக்கு உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இரண்டு வருடமாகக் கடிதமே போடாதவள் எடுத்த எடுப்பில் முழங்காலை விசாரிக்கிறாளே என்று நீங்கள் உதட்டைச் சுழிப்பது இங்கிருந்தே தெரிகிறது. வேறு எதை விசாரித்தாலும் நமக்குள் சண்டை வரும் என்பதால்தான்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்கு நுரையீரல் இரண்டும் கெட்டுவிட்டன. டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "இந்த வருஷக் கடைசி வரைக்கும் இருப்பார்னு என்னால சொல்ல முடியாதும்மா" என்றார். கதவைச் சரியாகச் சாத்தவில்லை, அவருக்கும் கேட்டுவிட்டது. வீட்டுக்கு வந்ததும் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போடச் சொன்னார். எங்கள் வீட்டுக்குக் கீழே டயர் கடை. நாள் முழுக்கக் காற்றடிக்கிற சத்தம். "அங்க வீணாப் போற காத்துல கொஞ்சம் எனக்குக் குடுத்தா என்ன" என்று ஜோக் வேறு அடிக்கிறார். அப்படியே சாய்ந்து உட்கார்ந்து, மடியில் பலகையை வைத்துக்கொண்டு, இஞ்சியை எழுதி முடித்துவிட்டார்.

எந்த இஞ்சி என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். உங்கள் அகராதி நிலையத்தில் உதவியாளராக இருந்தபோது ஆரம்பித்ததுதான். உங்களோடு முறைத்துக்கொண்டு வெளியேறிய அன்று அவர் கையோடு கொண்டுபோனது அந்த ஒரு சொல்லைத்தான். நானும் கூடவே போனேன், அது வேறு விஷயம். நம் இஞ்சிவேர் பாலியில் சிங்கிவேரமாகி, கிரேக்கத்தில் ஸிங்கிபெரிஸ், லத்தீனில் ஸிங்கிபெர் என்று ஆகி, அங்கிருந்து ஐரோப்பிய மொழி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒவ்வோர் எழுத்துக்கூட்டலோடு நுழைந்த கதை. முழுக் கட்டுரையையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் விதி எனக்குத் தெரியும். கட்டுரைக்குக் கீழே எழுதியவர் பெயர் வரும். ஆனால் தொகுதி அச்சுக்குப் போகிற நாளில் அவர் உயிரோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் கட்டுரை முதன்மை ஆசிரியர் பெயரில் போய்விடும், அதாவது உங்கள் பெயரில். முதல் தொகுதி எப்போது அச்சுக்குப் போகிறது அப்பா? கொஞ்சம் சீக்கிரம் அனுப்ப வழி உண்டா? இஞ்சிக்குக் கீழே தன் பெயரைப் பார்த்துவிட்டால் போதும் என்கிறார் இவர். நான் உங்களிடம் இதுவரை எதற்கும் கையேந்தியதில்லை.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

உங்கள் மகள்


ஜனவரி 30

அன்பு மகளுக்கு,

கடிதமும் கட்டுரையும் வந்து சேர்ந்தன. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி ஏறுவதை மட்டும் குறைத்துக்கொண்டேன். உன் வீட்டுக்காரர் உடல்நிலை பற்றி எழுதியிருந்ததைத் தெரிந்துகொண்டேன்.

கட்டுரையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தேன். தெற்கு ஐரோப்பா பரவாயில்லை. பிரெஞ்சு, ஸ்பானிஷ், போர்த்துகீஸ் வடிவங்கள் ஒழுங்காக வரிசையில் நிற்கின்றன. சமஸ்கிருதத்தில் 'கொம்பு போன்ற உடம்பு' என்று பொருள் சொன்னது பின்னால் ஒட்டவைத்த விளக்கம் என்பதையும் சரியாகவே சொல்லியிருக்கிறார். வடக்கே போனதும் புத்தி பேதலித்துவிடுகிறது. ஜெர்மனில் இங்வர், ஸ்வீடிஷில் இங்கெஃபேரா, ரஷ்யனில் இம்பிர். எல்லாம் இகரத்தில் தொடங்குகின்றனவாம். அதனால் இது நம் இஞ்சியின் இகரமேதானாம், லத்தீன் பக்கம் எட்டிப் பார்க்காமல் தரைவழியாக நேரே போய்ச் சேர்ந்ததாம். ஆறு வருடத்துக்கு முன்னால் என் மேஜைக்கு முன் நின்று கத்தினாரே, அதே வாதம். அன்றும் ஆதாரம் இல்லை, இன்றும் இல்லை. பழைய ஜெர்மன் ஏடுகளில் அந்தச் சொல் தலையில் மெய்யெழுத்தோடு இருக்கிறது. போகப் போக அது தேய்ந்து விழுந்துவிட்டது. வழியில் போகிற ஒருவருக்கு நம் மாமாவின் மூக்கு இருக்கிறது என்பதற்காக அவரைச் சொந்தக்காரர் என்று வீட்டுக்குள் கூட்டிவர முடியாது.

அந்தப் பகுதியை எடுத்துவிட்டால் கட்டுரையை ஏற்பது பற்றி யோசிக்கலாம்.

விதியைப் பற்றி எழுதியிருந்தாய். அது உன் வீட்டுக்காரருக்காகப் போட்டது இல்லை. முன்பு நிலையத்தின் வேறொரு நூலில் ஒரு பேராசிரியர் கட்டுரையை அவர் இறந்த பிறகு வெளியிட்டோம். வாசகர்கள் தவறு காட்டி எழுதினார்கள். அவர் மகன்கள் இருவரும் ஆளுக்கொரு பதில் எழுதி நிலையத்தின் பெயரைச் சந்தி சிரிக்க வைத்தார்கள். பெயர் போடுகிறவர் கேள்விக்குப் பதில் சொல்ல இருக்க வேண்டும். தொகுதி நவம்பரில் அச்சுக்குப் போகும். ஒருவருக்காக அதை முன்னால் இழுக்க முடியாது.

குளிரில் வெளியே அலையாதே.

அப்பா


பிப்ரவரி 22

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். மாமா மூக்கு வந்த இடத்தில் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. அடங்கியதும் முதலில் கேட்டது, "ஏண்டி, ரெண்டு பக்கம் எழுதியிருக்காரே, என் பேர் எங்கயாவது வருதா?" வரவில்லை. உன் வீட்டுக்காரர், உன் வீட்டுக்காரர் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

வடக்குப் பகுதியை எடுக்கிற பேச்சுக்கே இடமில்லை என்கிறார். "ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டேன்னு எழுது. செத்தாலும் அந்த இகரத்தை விடமாட்டேன்" என்றார். எழுதிவிட்டேன். நானும் என்னால் முடிந்தவரை சொல்லிப் பார்த்தேன். உங்களிடம் வளர்ந்தவளுக்கு அந்த வாதம் நிற்காது என்று தெரியாதா? ஆனால் மனுஷர் ஒற்றைக்காலில் நிற்கிறார். இந்தப் பிடிவாதத்தைப் பார்த்துத்தான் நான் அவரைக் கட்டிக்கொண்டேன், இப்போது அதையே குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்பா, நீங்கள் மனது வைத்தால் முடியும். அந்தப் பகுதிக்குக் கீழே 'இது கட்டுரையாளர் கருத்து' என்று ஒரு வரி போட்டால் ஆகாதா? ஏற்றுக்கொண்டோம் என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்கள். நவம்பர் வரை அவர் தாங்குகிறாரோ இல்லையோ, அந்த வரி கையில் இருந்தால் தூங்குவார். மாத்திரையில் வராத தூக்கம் அதில் வரும்.

பதிலை எதிர்பார்க்கும்
மகள்


மார்ச் 18

அன்பு மகளுக்கு,

நலம். பல் ஒன்றைப் பிடுங்க வேண்டியதாயிற்று. மற்றபடி குறை ஒன்றுமில்லை.

'கட்டுரையாளர் கருத்து' என்று போடுவதற்கு இது மாத இதழ் இல்லை. மறுபடி படித்ததில் வேறு ஓட்டைகளும் தெரிகின்றன. எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கூட்டலுக்கும் காலம் தெரிந்த இரண்டு பழைய சாட்சிகள் வேண்டும். இத்தாலிய ட்ஸென்ட்ஸெரோவுக்கு ஒன்றுதான் கொடுத்திருக்கிறார். செக் மொழியின் ஸாஸ்வோருக்கும் ஹங்கேரிய வடிவத்துக்கும் இன்னொரு அகராதியைக் கைகாட்டிவிட்டுப் போயிருக்கிறார். பிறர் சொன்னதைச் சொல்வது சாட்சி ஆகாது. உங்கள் ஊர்ப் பல்கலைக்கழக நூலகத்தில் அந்த ஏடுகளின் படம் பிடித்த பிரதிகள் இருக்கின்றன. மேல்தளத்தில் இருக்கும். நேரில் போய்ப் பார்த்து, தன் கையால் எழுதி எடுத்து அனுப்பச் சொல். கையொப்பமிடுபவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், நீ போய்ப் பார்த்துவிட்டு வருவது செல்லாது.

வடக்குப் பகுதி பற்றி நான் சொன்னதில் மாற்றம் இல்லை.

அவர் உடல்நிலை தேறி வரும் என்று நினைக்கிறேன்.

அப்பா


ஏப்ரல் 25

அப்பாவுக்கு,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை, அதற்கு மன்னிப்புக் கேட்கவும் தோன்றவில்லை.

நூலகத்துக்குப் போனோம். நான் வேண்டாம் என்று தலையால் அடித்துக்கொண்டேன். "உங்க அப்பா வாயால குறை சொல்ல முடியாத மாதிரி செஞ்சு அனுப்பணும்" என்று கிளம்பிவிட்டார். டயர் கடைக்காரர் தன் வண்டியில் கொண்டுபோய் விட்டார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். ஏறி வருகிற மாணவர்கள் ஒதுங்கிப் போனார்கள். மேலே போனதும் அந்த ஏடுகளைப் பார்த்து அவர் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் தன் கையால் எழுதினார். கடைசிப் பக்கங்களில் எழுத்து கோணலாகப் போயிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். ஹங்கேரிய வடிவத்துக்கு இரண்டு கேட்டீர்கள், மூன்று கண்டுபிடித்திருக்கிறார்.

அன்றைக்கு ஆரம்பித்த காய்ச்சல் இன்னும் விடவில்லை. ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறோம். ஜன்னல் மேடையில் வைத்து இதை எழுதுகிறேன். அவருக்கு மூக்கில் குழாய். பேச முடியாததால் கையைக் காட்டி, வடக்குப் பகுதியை விடமாட்டேன் என்று எழுதச் சொல்கிறார்.

உங்களுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா அப்பா? உங்களுக்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை. ஒரு நோயாளியை மாடி ஏற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. உங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு போனவரிடம் ஆறு வருடம் கழித்துக் கணக்குத் தீர்த்துக்கொண்டீர்கள். எனக்கு உங்கள்மேல் வருகிற கோபத்தை எழுத இந்தக் காகிதம் போதாது. ஆனாலும் கேட்கிறேன், வேறு வழியில்லை. ஏற்றுக்கொண்டோம் என்று எழுதுங்கள். பொய்யாகவாவது எழுதுங்கள்.

மகள்


ஜூலை 28

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். தங்கள் நலனுக்கு எழுதவும். ஏப்ரலில் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அதில் கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். முன்பைவிட அமைதியாக இருக்கிறார். தாங்கள் சொன்னதை யோசித்துப் பார்த்ததில் வடக்குப் பகுதி பற்றிய திருத்தம் சரிதான் என்று படுகிறதாம். அந்த வாதத்தை முழுவதும் எடுத்துவிட்டு, தலையில் இருந்த மெய்யெழுத்து தேய்ந்த விதத்தைப் பழைய ஜெர்மன் வடிவங்களோடு புதிதாக எழுதியிருக்கிறார். கை நடுங்குவதால் நான் டைப் அடித்தேன். திருத்தத்துக்கு அவர் நன்றி சொல்லச் சொன்னார்.

இனி தடை ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறேன். கட்டுரை ஏற்கப்பட்டதாகவும் அவர் பெயரில் வரும் என்றும் ஒரு வரி அனுப்பினால் மகிழ்ச்சி அடைவார்.

மழைக்காலம். கவனமாக இருக்கவும்.

மகள்


ஆகஸ்ட் 14

அன்பு மகளுக்கு,

நலம், நலமே. உன் கடிதம் கண்டு எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்கத் தேவையில்லை. மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? நன்றாகச் சாப்பிடுகிறாரா?

திருத்திய வடக்குப் பகுதி வெகு அழகு. நான் எழுதியிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது. இத்தனை நாள் இந்த மனிதர் எங்கே இருந்தார் என்று நிலையத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். கட்டுரை ஏற்கப்பட்டது. இன்னும் சில இடங்கள் மட்டும் பாக்கி. ஃபின்னிஷ், எஸ்தோனியன் வடிவங்கள் ஸ்வீடிஷிலிருந்து வந்தனவா, ஜெர்மனிலிருந்தா என்று தெளிவாக்க வேண்டும். ருமேனியனுக்கு ஒரு பத்தி தேவை. ஐரிஷையும் வெல்ஷையும் மறந்துவிட்டார். மாப்பிள்ளையை மெதுவாகச் செய்யச் சொல், அவசரம் இல்லை. கூடவே வேறு இரண்டு சொற்களின் குறிப்புகளையும் அனுப்புகிறேன். முடிந்தால் பார்க்கட்டும்.

வழக்கப்படி கையொப்பக்காரர்கள் கடைசி அச்சு மெய்ப்பில் நிலையத்துக்கு நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். அக்டோபர் நடுவில் இருக்கும்.

அப்பா


செப்டம்பர் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

இருவரும் நலம். தங்கள் கடிதத்தில் மாப்பிள்ளை என்று எழுதியிருந்ததைப் படித்தேன். முதல் தடவை. பலமுறை படித்தேன்.

கேட்ட எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறேன். ருமேனியனுக்கு இரண்டு சாட்சிகள், ஐரிஷுக்கு இரண்டு. மற்ற இரண்டு சொற்களையும் அவர் முடித்துவிட்டார். பகலெல்லாம் இதே வேலையாக இருக்கிறார். டயர் கடைச் சத்தம்கூடக் காதில் விழுவதில்லை.

அவரால் பயணம் செய்ய முடியாது. மெய்ப்பைத் தபாலில் அனுப்பினால் கையெழுத்து வாங்கி மறு தபாலில் அனுப்பிவிடுகிறேன். இந்த ஒரு சலுகை மட்டும் செய்யுங்கள்.

மகள்


அக்டோபர் 12

அன்பு மகளுக்கு,

நான் நலம். நீ நலமாக இருக்கிறாயா என்று உண்மையாகவே கேட்கிறேன். மாப்பிள்ளையை விசாரிக்கவில்லை. அவர் இறந்துவிட்டார் என்பது உன் ஜூலைக் கடிதத்தைப் படித்தபோதே எனக்குத் தெரியும்.

எப்படி என்று யோசிப்பாய். அந்த மனிதர் என் திருத்தம் எதையும் ஏற்றுக்கொண்டதே கிடையாது. நான் அரைப்புள்ளியை மாற்றினாலும் சண்டைக்கு வருவார். அவரிடமிருந்து நன்றியோடு ஒரு திருத்தம் வருகிறது, இகரம் போய்விடுகிறது, எழுத்துநடை என் வீட்டில் வளர்ந்த எழுத்துநடையாக இருக்கிறது. உயிரோடு இருந்தால் அவர் அந்த இகரத்தை விட்டிருக்க மாட்டார். நீ இவ்வளவு நன்றாகச் செய்திருக்கக் கூடாது. நாலு இடத்தில் என்னோடு சண்டை போட்டிருந்தால் நான் ஏமாந்திருப்பேன்.

துக்கம் விசாரித்து அப்போதே ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் நீ பேனாவைக் கீழே வைத்திருப்பாய். இஞ்சி பாதியில் நின்றிருக்கும். நீ சோர்ந்துவிடக் கூடாது என்றுதான் மாப்பிள்ளை என்று எழுதினேன். பலன் இருந்தது, பார்த்தாயா. ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் பெயரைக் காப்பாற்ற அவர் கருத்தை நீயே வெட்டி எறிந்துவிட்டாய். நான் வருடக்கணக்காகச் செய்ய முடியாததை நீ ஒரே மாதத்தில் செய்து முடித்தாய்.

விதிப்படி கட்டுரை என் பெயரில் போக வேண்டும். ஆனால் பாதி உன்னுடையது. இங்கே துணை ஆசிரியர் இடம் ஒன்று காலியாக இருக்கிறது. வந்து சேர்ந்தால் உன் பெயரில் போடலாம். அவர் பெயரைப் பற்றி இனிப் பேசுவதற்கு ஒன்றும் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா


அக்டோபர் 29

அப்பாவுக்கு,

மே மாதம் போனார். நாளெல்லாம் தபால்காரர் வரும் நேரத்தையே விசாரித்துக்கொண்டிருந்தார். பதில் எதுவும் வரவில்லை. கடைசியில் என்னால் தாங்க முடியாமல், கைப்பையில் கிடந்த மருந்துக்கடை ரசீதை எடுத்து, உங்கள் கடிதம் வந்திருக்கிறது என்று சொல்லிப் படித்துக் காட்டினேன். கட்டுரையை ஏற்றுக்கொண்டதாகப் படித்தேன். "பேரு போட்டு எழுதியிருக்காரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அந்த இகரம்?" என்றார். அதையும் அப்பா ஒத்துக்கொண்டுவிட்டார் என்றேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மறுநாள் காலையில் இல்லை.

நான் சொன்ன பொய்யில் பாதியையாவது உண்மையாக்கலாம் என்று பார்த்தேன். பெயரா இகரமா என்று வந்தபோது பெயரை வைத்துக்கொண்டேன். இரண்டும் போயிற்று. எழுதும்போது தினமும் அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டேதான் எழுதினேன். இப்போது அந்தத் திட்டும் கேட்பதில்லை.

வேலைக்கு வருகிறேன். வாடகை கொடுக்க வேண்டும், எனக்கு வேறு தொழில் தெரியாது. கட்டுரையை என் பெயரில் போடுங்கள். உங்கள் பெயர் அதற்குக் கீழே வருவதைவிட அது மேல். உங்களை நான் வெறுக்கிறேன் என்பதை ஒரு தடவை எழுதிவிடுகிறேன். அலுவலகத்தில் அதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

மகள்


பிப்ரவரி 6

அன்பு மகளுக்கு,

மலைமேல் இருக்கிற இந்த ஓய்வு இல்லத்தில் நன்றாகவே கவனித்துக்கொள்கிறார்கள். ஆனால் நெஞ்சு ஒத்துழைக்க மறுக்கிறது. நவம்பரில் அலுவலகத்தில் மயங்கி விழுந்ததற்கு இப்போது தேவலை என்கிறார் டாக்டர். கட்டிலிலிருந்து நாற்காலிக்குப் போவதற்குள் மூச்சு வாங்குகிறது. இதை மூன்று தவணையாக எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? என் நாற்காலி முதுகுக்கு ஒத்துவருகிறதா?

நான் விழுந்ததும் நிலையத்தின் குழு முதன்மை ஆசிரியர் பொறுப்பை உன்னிடம் கொடுத்தது எனக்கு நிம்மதிதான். ஆனால் தொகுதி ஏன் இன்னும் அச்சுக்குப் போகவில்லை? டிசம்பர் என்றாய், பிறகு ஜனவரி என்றாய். முன்னுரையும் என் பெயரில் உள்ள கட்டுரைகளும் எத்தனை வருட உழைப்பு என்று உனக்குத் தெரியும். முன்னுரைக்கு மட்டும் பத்து வருடம் ஆயிற்று. விதியை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். இப்போது அது உன் கையில் இருக்கிறது. நான் இருக்கும்போதே அனுப்பிவிடு அம்மா. தேதியை மட்டுமாவது எழுது, இரவில் தூக்கம் வருவதில்லை.

அப்பா


பிப்ரவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நாற்காலி நன்றாக ஒத்துவருகிறது. உங்கள் மூச்சு எப்படி இருக்கிறது? நர்ஸிடம் போனில் பேசினேன், போன வாரத்தைவிடக் கொஞ்சம் மோசம் என்றாள். வழக்கத்துக்காக விசாரிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். தேதி குறிக்கிறவளுக்கு அது தெரிய வேண்டியிருக்கிறது.

தொகுதி தயாராகி வெகுநாள் ஆகிறது. அச்சகத்திலிருந்து தினமும் கேட்கிறார்கள். நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். முன்னுரையில் ஒரு திருத்தம் பாக்கி என்று குழுவிடம் சொல்லியிருக்கிறேன். அந்தத் திருத்தத்தை இத்துடன் அனுப்புகிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை, மூன்று வரி:

'வட ஐரோப்பிய மொழிகளில் இச்சொல்லின் தலையில் நிற்கும் இகரம் நம் இஞ்சியின் இகரமே. இதை முதலில் கண்டு சொன்னவர் என் மருமகன் .................. நான் அதை மறுத்தது தவறு.'

இது தப்பு என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். கட்டுரையில் நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன், கீழே என் பெயரும் இருக்கிறது. புத்தகத்தைத் திறக்கிறவர்கள் முன்னுரையில் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், உள்ளே போய் என்னை நம்புவார்கள். பெயர் வேண்டுமென்றால் கருத்தை விட வேண்டும் அப்பா. அந்த விலையை நான் கொடுத்துப் பார்த்தேன், எனக்குப் பொருள் கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைக்கும். நான் உங்களைப் போல ஏமாற்ற மாட்டேன்.

கையெழுத்திட்ட தாள் வந்து சேர்ந்த மறுநாளே தொகுதி அச்சுக்குப் போகும். முன்னுரையும் கட்டுரைகளும் உங்கள் பெயரிலேயே வரும். வராவிட்டால் எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. விதிப்படி எல்லாம் நாற்காலியில் இருக்கிறவர் பெயருக்கு மாறும். பத்து வருட முன்னுரைக்குக் கீழே என் பெயர் இருப்பதில் எனக்குக் கூச்சமும் இல்லை.

புள்ளி வைத்த இடத்தை நான் நிரப்பவில்லை. அதை உங்கள் கையாலேயே எழுத வேண்டும். மறந்துபோயிருந்தால் நர்ஸிடம் கேளுங்கள், அவர் பெயரை அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் மகள்